உப்புக் கூடையும் உடல் வலிமையும்

"சார், சுமையோடு சமதளத்தில் நடந்தால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி என்கிறீர்கள். மரக்காணம் உப்பளத்தில் என் அம்மா நாள் முழுதும் கூடை சுமக்கிறார். அதுவும் சுழிதானா?"

வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்?

பாடநூல் கூறுவது தவறன்று. ஆனால் அது ஏற்ற இறக்கமின்றி நகரும் சுமைக்கே பொருந்தும். நாம் நடக்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் அடிக்கு அடி சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. 45 கிலோ எடையுள்ள பெண் 25 கிலோ கூடையைச் சுமப்பதாகக் கொள்வோம். இரண்டும் 3 செ.மீ. உயர, ஒவ்வோர் அடிக்கும் சுமார் 20 ஜூல் ஆற்றல் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி, ஊசலில் நடப்பதுபோல, அடுத்த அசைவுக்குப் பயன்படுகிறது. எஞ்சியதைத் தசைகளே ஈடுசெய்கின்றன. களைப்பு அங்கேதான் பிறக்கிறது.

இதைக் குறைக்க உடலை வலுவாக்குவதா, சுமையை இலேசாக்குவதா?

"பழகினால் தாங்கும்" என்பார்கள். அதில் உண்மை உண்டு. கென்யாவில் சுமை தூக்கிப் பழகிய பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1986இல் வெளியாயிற்று. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தபோது, அவர்கள் வெறுங்கையோடு நடப்பதைவிட அதிக ஆற்றல் செலவிடவில்லை! ஊசல் அசைவை அவர்கள் நன்கு பயன்படுத்துவதே காரணம் எனப் பின்னர் தெரிந்தது.

நம் கணக்கில் அந்த ஐந்தில் ஒரு பங்கு 9 கிலோ. மீதி 16 கிலோவுக்கு எந்தப் பழக்கமும் விலக்கு அளிக்காது. பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைச் செலுத்தும், மூச்சிரைப்பு குறையும். ஆனால் உப்பள வெயிலில் அதே இதயம், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும். கழுத்தெலும்புக்கோ, பழகியவர் தலையிலும் 25 கிலோ 25 கிலோதான்.

இனி, சுமையைப் பாருங்கள். பாத்தியிலிருந்து வாரிய உப்பில் நீர் தங்கியிருக்கும். அது பத்தில் ஒரு பங்கு என்றால், கூடைக்கு 2.5 கிலோ நீர். நாற்பது நடையில் 100 கிலோ! வரப்பில் குவித்து நன்றாக வடியவிட்டால், உப்பு குறையாமலே சுமை குறையும்.

காலையும் மறக்க வேண்டாம். காலில் கட்டிய ஒரு கிலோ, தலையில் வைத்த ஏறத்தாழ நான்கு கிலோவுக்குச் சமமான ஆற்றலைக் கேட்கிறது என 1969இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒவ்வோர் அடியிலும் காலை வீசி நிறுத்த வேண்டியிருப்பதே காரணம். உப்புநீர்ப் புண்ணைத் தடுக்க ரப்பர் பூட்ஸ் தேவைதான். ஆனால் அது இலேசானதாக இருக்கட்டும்; ஒட்டிய சேற்றை அவ்வப்போது கழுவிவிடுவது நல்லது.

ஆக, உடல் வலிமை வேண்டியதே. ஆனால் அது இளமையோடு வந்து முதுமையில் போய்விடும். சுமையைக் குறைத்தாலோ நோயுற்றவருக்கும் வயதானவருக்கும் பயன் உண்டு. உப்பு வடியும்வரை காத்திருப்பதும், கூடையின் அளவும் சுமப்பவர் கையில் மட்டும் இல்லை. வேலை வாங்குபவர் கையிலும் உள்ளன.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "சுழி என்பது கூடையின் கணக்கு, தம்பி. உன் அம்மாவின் கணக்கு வேறு."