பட்டத்தின் பெயரும் பாடத்தின் பொருளும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தலைநகரில் இருபது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் அன்பர் ஒருவர் தம் மகளுடன் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு கட்டு விளக்கக் கையேடுகள். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயில்பவள். தந்தைக்குக் கணினிப் பொறியியலில் பற்று; மகளுக்கோ வணிக நிர்வாகத்தின்மேலும் ஒரு கண். வீட்டில் ஒரு வாரமாக இதே வழக்காம். "மாமா, இவற்றை எதைக் கொண்டு ஒப்பிடுவது?" என்று கேட்டாள் அவள்.

கையேடுகளை ஒதுக்கிவிட்டுப் பாடத் திட்டங்களைப் பார்க்கச் சொன்னோம். கையேட்டில் எல்லாக் கல்லூரிகளும் ஒன்றே. பசும்புல் தரையும் சிரித்த முகங்களும் எங்கும் உண்டு. இரண்டாம் ஆண்டுப் பாடங்களை அருகருகே வைத்தால்தான் உண்மை புலப்படும். தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தனிநிலைக் கணிதம் ஆகியவை முழுப் பாடங்களாக இருப்பின் அது கணினிப் படிப்பு. கணக்கியலும் சந்தையியலும் நிறைந்து, ஓரத்தில் கணினிப் பாடம் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருப்பின், பெயர் எத்துணைக் கவர்ச்சியாயினும் அது வணிகப் படிப்பே. அதில் குற்றமில்லை, அறியாமல் சேர்வதே இடர். இரு துறைகளையும் இணைத்து, டாடா கன்சல்டன்சி நிறுவனம் கல்வியாளர்களுடன் வகுத்த 'கணினி அறிவியல் மற்றும் வணிக முறைமைகள்' என்னும் பி.டெக். படிப்பும் சில கல்லூரிகளில் உண்டு. அவள் கண்கள் அங்கேதான் நின்றன.

அடுத்து, கையேட்டின் முகப்பில் மின்னும் தர எழுத்து. நாக் அமைப்பின் மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் உரியது. தனித் தனிப் படிப்புகளை ஆராய்ந்து அங்கீகரிப்பது என்.பி.ஏ. நாம் சேரப்போகும் படிப்புக்கு அந்த அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டுவரை என்று வினவுதல் வேண்டும். பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளும் 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்பிற்குள் வந்துள்ளன. அந்த ஒப்புதலையும் கேட்கலாம்.

'சராசரி ஊதியம்' என்னும் சொல்லில் நமக்கு நம்பிக்கை குறைவு. ஒருவருக்குக் கிடைத்த பெருந்தொகை ஐம்பது பேரின் சராசரியை உயர்த்திவிடும். வரிசையின் நடுவில் நிற்பவர் பெறுவது எவ்வளவு, தேறியவர்களுள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பனவே கேள்விகள். 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் விவரங்களில் இவ்விரண்டும் உள்ளன. ஆனால் அவை மூன்றாண்டுப் படிப்புகளுக்கும் நான்காண்டுப் படிப்புகளுக்கும் மொத்தமாகத் தரப்படுவன. துறைவாரிக் கணக்கைக் கல்லூரியில்தான் கேட்கவேண்டும்.

இனித் தந்தை அறியாதிருந்த செய்தி. வெளிமாநிலத்தில் பயின்றதால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு தம் மகளுக்கு அடைபட்ட கதவு என்றே அவர் எண்ணியிருந்தார். அப்படியன்று. தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் பெற்று விண்ணப்பிக்கலாம். அங்கே நுழைவுத் தேர்வும் இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகின்றனர். தில்லிப் பல்கலைக் கழகத்திலோ 2022 முதல் பொது நுழைவுத் தேர்வான க்யூட் மதிப்பெண்ணே வழி. அதற்கும் பதிவு செய்துவைத்தல் நன்று என்றோம். ஒரே வாயிலில் நின்று ஏமாந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டையும் விட மனமில்லாதோர்க்கு மற்றொரு வழி: பல்கலைக் கழக மானியக் குழு 2022இல் ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயில இசைவளித்தது. உள்ளூரில் பி.காம். படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். படிப்பை இணைய வழியில் பயிலலாம். ஜே.இ.இ. தேவையில்லை; முதல் நான்கு வாரப் பாடங்களை முடித்துத் தகுதித் தேர்வில் தேறவேண்டும். தேர்வுகளை மட்டும் நேரில் மையத்திற்குச் சென்று எழுதவேண்டும். உழைப்பு இரட்டிப்பு என்பதையும் சொல்லிவைத்தோம்.

பெண் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். தந்தை அடுத்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு, தம் பழைய பள்ளிச் சான்றிதழுடன் பிறப்பிடச் சான்றிதழுக்காக ஊருக்குப் புறப்பட்டுச் சென்றார்.