கதவும் கூலியும்

மந்தைவெளியில் பழைய வீடொன்றை இடிக்கையில் தேக்குக் கதவை மட்டும் பத்திரமாகக் கழற்றினார்கள். பழம்பொருள் கடைக்குப் போகிறதாம். பூவேலை செதுக்கிய பலகையை உடனிருந்த ஆசாரி என்னிடம் தட்டிக் காட்டினார்: "ஒட்டலை சார், காடியில சும்மா நிக்குது. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். எடம் விடலைன்னா பொளந்துடும்." இந்த அறிவைத்தான் நாம் 'அலங்காரம்' என்று சுருக்கிவிடுகிறோம்.

மரச்செதுக்கலுக்கு அங்கீகாரம் இல்லாமலில்லை. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பமும் 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் புவிசார் குறியீடு பெற்றன. ஆனால் குறியீடு காப்பது ஊரின் பெயரை. உளி பிடித்தவரின் கூலியைப் பற்றி அது பேசுவதில்லை. கதவு பண்டமாகிறது, அறிவு 'மரபு' ஆகிறது, ஆசாரி ப்ளைவுட் அறுக்கிறார். மரபைக் கொண்டாடுகிற நம்மில் யார் அவருடைய நாள்கூலியைக் கேட்டிருக்கிறோம்?