நாணயத்தையும் சேர்த்து வையுங்கள்

அந்தக் காலத்தில் தோட்டத்துக் கடையில் குடும்பத்துக்கு ஒரு '555' புத்தகம் இருந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில் பற்றாக ஏறும். சம்பள நாளன்று கடைக்காரர் பக்கத்தைக் கூட்டிச் சொல்வார். சொன்ன நாளில் கொடுத்தவருக்கு அடுத்த மாதம் தயக்கமில்லாமல் சாமான் கிடைக்கும். இழுத்தடித்தவருக்கு, "முந்திய பாக்கி என்னாச்சு?" என்ற கேள்விதான் முதலில் கிடைக்கும்.

வாசகர்களே, அந்தப் புத்தகம் மறைந்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது இப்போது வங்கிகளின் கணினிக்குள் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் தவணை, வீட்டுக் கடன், கடன் பற்று அட்டை என்று நீங்கள் வாங்கிய ஒவ்வொன்றும், நீங்கள் கட்டிய மாதமும் கட்டாத மாதமும், அங்கே ஏறிக்கொண்டே இருக்கின்றன.

இதைப் பற்றித் தோட்டத்து மக்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? காரணம் இருக்கிறது. தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்றாலும், தோட்டம் கைமாறினாலும், ஒரு நாள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அன்று சொந்தமாக ஒரு மலிவு விலை வீடு வாங்க வங்கிக்குப் போனால், முதலில் புரட்டப்படுவது உங்கள் பெயரில் உள்ள அந்தப் புத்தகம்தான். முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர் என்பதை அது சொல்லாது. வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்பதை மட்டும் சொல்லும்.

உங்கள் பெயரில் ஒரு பதிவு

நம் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, 2001-ஆம் ஆண்டு முதல் 'சி.சி.ஆர்.ஐ.எஸ்.' என்ற கடன் பதிவேட்டை நடத்தி வருகிறது. அதில் உங்கள் ஒவ்வொரு கடனுக்கும் கடைசி 12 மாதங்களின் கட்டம் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0 என்று இருக்கும். ஒரு மாதம் பாக்கி நின்றால் 1, இரண்டு மாதம் நின்றால் 2. பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் அடி விழும். இங்கேயோ பன்னிரண்டு பூஜ்யம் வாங்கியவரே கெட்டிக்காரர்!

"என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்" என்று சிலர் புலம்புவதுண்டு. பேங்க் நெகாரா அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கவில்லை. அது நடந்ததை மட்டும் காட்டுகிறது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் முடிவு. பன்னிரண்டு மாதங்களே தெரிவதால், இன்று முதல் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த ஆண்டு பக்கம் சுத்தமாகிவிடும். இது பெரிய ஆறுதல்.

இந்த அறிக்கையைப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். அடையாள அட்டையுடன் பேங்க் நெகாரா அலுவலகத்தில் கேட்கலாம். இணையத்திலும் பதிந்து பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இது தவிர 'சி.டி.ஓ.எஸ்.' போன்ற தனியார் நிறுவனங்களும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தகைய விவரங்களைத் திரட்டி வங்கிகளுக்குத் தருகின்றன.

அட்டை யாருக்குக் கிடைக்கும்?

கடன் பற்று அட்டை வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி, அதாவது மாதம் 2,000 வெள்ளி இருக்க வேண்டும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு அது 20,400 வெள்ளிதான். ஆகவே அடிப்படைச் சம்பளம் மட்டும் வாங்கும் தொழிலாளிக்கு அட்டை கிடைக்காது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்களைக் காப்பதற்குப் போட்ட வேலி அது.

ஆண்டுக்கு 36,000 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் சம்பாதிப்பவர் இரண்டு வங்கிகளின் அட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வங்கியும் மாத வருமானத்தைப் போல் இரண்டு மடங்கு வரைதான் கடன் தரலாம். 2,200 வெள்ளி சம்பளக்காரருக்கு இரண்டு வங்கியிலும் சேர்த்து 8,800 வெள்ளி. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அது நான்கு மாதச் சம்பளம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு

அட்டை கடன்தான், கூடுதல் வருமானம் அல்ல. மாதாந்திரக் கணக்குச் சீட்டு வந்ததும், குறித்த தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. அதற்குக் குறைந்தது 20 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதே சீட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருக்கும். அது பாக்கியில் நூற்றுக்கு ஐந்து. இங்கேதான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன.

தீபாவளிக்கு அட்டையில் 2,000 வெள்ளிக்குச் சாமான் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி நூற்றுக்கு 18. முதல் மாத வட்டி மட்டும் 30 வெள்ளி. நீங்கள் நூறு வெள்ளியைக் கட்டினால் கடனில் குறைவது எழுபதுதான். இப்படி மாதாமாதம் நூற்றுக்கு ஐந்தும், அது 50 வெள்ளிக்குக் கீழே போனால் 50 வெள்ளியும் கட்டி வந்தால், கடன் தீர மூன்றரை ஆண்டு ஆகும். வட்டி 600 வெள்ளியைத் தாண்டும். அதாவது மூன்று தீபாவளி வந்து போன பிறகும் முதல் தீபாவளிக்கே பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்!

அதே கடனுக்கு மாதம் 200 வெள்ளி என்று பிடிவாதமாகக் கட்டினால் பதினோரு மாதத்தில் முடிந்துவிடும். வட்டி 200 வெள்ளிக்கும் குறைவு.

வட்டியிலும் நல்லவருக்குச் சலுகை உண்டு. பன்னிரண்டு மாதமும் தேதி தவறாமல், குறைந்தபட்சத் தொகையாவது கட்டியவருக்கு 15 விழுக்காடுதான் உச்சம். பன்னிரண்டில் பத்து மாதம் தவறாதவருக்கு 17. மற்றவர்களுக்கு 18. தேதி தவறினால் பாக்கியில் ஒரு விழுக்காடு அல்லது 10 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது தாமதக் கட்டணமாக விழும்; அதன் உச்சம் 100 வெள்ளி. அட்டையைப் பயன்படுத்தி இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பதை மட்டும் அறவே தவிருங்கள். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி, கட்டணம் வேறு.

எந்த அட்டை நல்லது?

பேரங்காடி வாசலில் மேசை போட்டு, "பயணப்பெட்டி இலவசம்" என்று கூப்பிடுவார்கள். பெட்டியைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? முதல் ஆண்டுக்கு மட்டும்தான் விலக்கா? அரசாங்கத்தின் சேவை வரி ஓர் அட்டைக்கு ஆண்டுக்கு 25 வெள்ளி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கும் மளிகைக்கும் தள்ளுபடி தரும் அட்டை நமக்கு உதவும். விமானப் பயணப் புள்ளிகள் தரும் அட்டையால் செம்பனைத் தோட்டத்துக்கு என்ன பயன்?

ஒன்று போதும். அதன் வரம்பையும் குறைவாகக் கேளுங்கள். மாதம் பெட்ரோல் செலவை மட்டும் அதில் போட்டு, முழுவதையும் கட்டிவிடுங்கள். ஓர் ஆண்டில் பன்னிரண்டு பூஜ்யம் உங்கள் பெயரில் நிற்கும். ஒரே மாதத்தில் நான்கைந்து வங்கிகளுக்கு மனு போடவும் வேண்டாம். மனுக்களும் பதிவேட்டில் தெரியும்; "இவருக்கு என்ன அவசரமோ?" என்று வங்கி சந்தேகப்படும்.

பெயரை இரவல் கொடுக்காதீர்கள்

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். "அக்கா, என் பேருக்கு லோன் கிடைக்கல. உங்க பேருல ஒரு மோட்டார் எடுத்துக் குடுங்க, மாசாமாசம் நானே கட்டிடுறேன்" என்று கேட்கும் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் உண்டா? நான்கு மாதம் கட்டுவார். ஐந்தாவது மாதம் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். வண்டி அவரிடம், கடன் உங்களிடம். பின்னர் உங்கள் மகன் வீடு வாங்க உங்களையும் கூட்டுக் கடனாளியாகச் சேர்க்க நினைக்கும்போது, உங்கள் கட்டத்தில் 3, 4 என்று எண்கள் நிற்கும்.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்கள் வாசலுக்கு வரும். கேட்பவரிடம், "கையில் இருப்பதில் ஐம்பது வெள்ளி தருகிறேன், கையெழுத்து மட்டும் கேட்காதே" என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் மனத்தாங்கல், பத்து வருடப் பகையைவிட மேல்.

அட்டை இல்லாமலும் மதிப்பு வளரும்

அட்டைக்குத் தகுதி இல்லையே என்று சோர வேண்டாம். சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறட்டும். சம்பளச் சீட்டுகளைக் கோப்பில் போட்டு வையுங்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை, உங்கள் வருமானத்துக்கு வங்கி நம்பும் சாட்சி. சொந்தப் பெயரில் எடுத்த மோட்டார் சைக்கிளின் தவணையை ஒழுங்காகக் கட்டுவதும் நல்ல தொடக்கமே. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் அளிக்கும் 'எஸ்.ஜே.கே.பி.' திட்டமும் இருக்கிறது. வங்கியில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

தோசைக் கடை, தையல், பலகாரம் என்று சிறுதொழில் செய்பவர்கள் முதலில் வியாபாரத்தைப் பதியுங்கள். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. வியாபாரப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் லாபம் வங்கியின் கண்ணுக்குத் தெரியாது. இந்திய வணிகர்களுக்காகத் தெக்குன் நேஷனல் மூலம் வழங்கப்படும் 'ஸ்புமி' கடனுக்கும் இந்த ஆவணங்கள் உதவும்.

கடன் கழுத்தை நெரித்தால்

கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். ஒரு கடனை அடைக்க வட்டி முதலையிடம் போகவும் வேண்டாம். மாதம் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபது! உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அடமானம் இருந்தால் 12 விழுக்காடுதான். யாராக இருந்தாலும் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் ஒப்படைக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய 'ஏ.கே.பி.கே.' என்ற கடன் ஆலோசனை அமைப்பு இதற்காகவே இருக்கிறது. ஆலோசனைக்குக் காசில்லை. உங்கள் வரவு செலவைப் பார்த்து, வங்கிகளிடம் பேசி, தாங்கக்கூடிய தவணையாக மாற்றித் தர உதவுவார்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே போங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வைத்திருக்கும் கடன்தான் குடும்பத்தை அதிகம் அரிக்கிறது.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். நம் பெரியவர்கள் முதல் நாணயம் இல்லாமல் வந்தார்கள். இரண்டாவது நாணயத்தை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். இந்த மாதச் சம்பளம் வந்ததும், வீட்டில் உள்ள கடன்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்து, அடுப்படிச் சுவரில் மாட்டுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.