பொங்கல் வாழ்த்தைக் கையால் செய்வோர் கவனத்திற்கு

இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு கேரள மாவட்டங்களுக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை உண்டு. அன்று ஊருக்குப் போக முடியாதவர்கள் முன்பெல்லாம் சிவகாசியில் அச்சான வாழ்த்து அட்டையை அனுப்புவார்கள். இப்போது கைபேசிச் செய்தியோடு சரி. ஆனால் பேரப்பிள்ளை கையால் செய்த அட்டையைப் பாட்டி பெட்டியில் பத்திரப்படுத்துகிறார். அது நாலு வருஷம் நிலைக்க, பொருளைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் தாள். 200 முதல் 250 ஜி.எஸ்.எம். கனம் போதும். இரு வாட்டமும் லேசாக வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் பக்கமே மடித்தால் மடிப்பு வெடிக்காது. கையால் செய்த தாளில் மை ஊறிப் பரவலாம். ஓரத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. மூணாறு 'ஸ்ருஷ்டி' அமைப்பின் 'அதுல்யா' பிரிவில் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் இத்தாளையும் அட்டைகளையும் செய்கின்றனர். அங்கே வாங்கினால் காசு தோட்டத் தொழிலாளி வீட்டுக்கே போய்ச் சேரும்.

மலை ஈரத்தில் மைதாப் பசை பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவலாம். இலை, பூ ஒட்டுவோர் அவற்றைப் பழைய செய்தித்தாளுக்கிடையே ஒரு வாரம் உலர்த்த வேண்டும். நீலக்குறிஞ்சியை மட்டும் தொடக்கூடாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடைசியாக மூணாறில் 2018இல், பூத்த அதைப் பறிப்பது குற்றம்.

உறையோடு எடை 20 கிராமைத் தாண்டினால் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்டம் கட்டித்தான் பாட்டி வாழ்த்தை வாங்க நேரும்.