16 கேபி-க்குக் கிடைத்த பச்சைக்கொடி!

1982-ல் பிரிட்டனில் வெளியான வீட்டுக் கம்ப்யூட்டர், இசட்.எக்ஸ் ஸ்பெக்ட்ரம். ரப்பர் கீபோர்டு, மானிட்டருக்குப் பதில் வீட்டு டிவி. இன்றைய லேப்டாப்பிலும் அதை ஓட்டலாம். 'ஃபியூஸ்' போன்ற ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர்கள் இருக்கின்றன.

ஆனால், எமுலேட்டர் வெறும் உடல்தான். ஸ்விட்ச் போட்டதும் ஸ்பெக்ட்ரமை எழுப்புவது ரோம் சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர். அளவு, வெறும் 16 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட இதைவிடப் பெரிது!

அந்தத் துளிக்கும் உரிமையாளர் உண்டு. 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் பிசினஸை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம்தான் அப்போது உரிமையாளர். எமுலேட்டர் எழுதியவர் தன் கோடை யாருக்கும் கொடுக்கலாம். அடுத்தவர் ரோமைக் கொடுக்க முடியுமா?

1999-ல் ஆம்ஸ்ட்ராட் பச்சைக்கொடி காட்டியது. எமுலேட்டரோடு ரோமையும் தரலாம். காப்பிரைட் வரியில் கைவைக்கக் கூடாது, ரோமுக்குக் காசு வாங்கக் கூடாது. உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த நிபந்தனைகளோடு வருவதைக் கட்டற்ற மென்பொருளாக டெபியன் லினக்ஸ் ஏற்பதில்லை. ஃபியூஸுக்குப் பிரதான பட்டியலில் இடம். ரோமுக்கோ 'நான்-ஃப்ரீ' பிரிவு. பிடிவாதம்தான்! ஆனால், அனுமதி வேறு, உரிமை வேறு என்பதில் அவர்கள் தெளிவு.

பிரதான பட்டியலிலேயே 'ஓப்பன் எஸ்.இ பேசிக்' என்ற மாற்று ரோமும் இருக்கிறது. என்ன, பழைய கேம்கள் எல்லாமே அதில் அப்படியே ஓடிவிடும் என்று சொல்வதற்கில்லை.