துரியோதனன் படுக்கும் நிலம்

பாரத விழாவில் போர் முடியும் நாளான படுகளத்தன்று காலையில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே மல்லாந்து கிடக்கும் துரியோதனனைத்தான். ஏரி மண்ணைக் குழைத்து, ஐம்பது அடி நீளத்துக்குக் குறையாமல் அவனைச் செய்து வைத்திருப்பார்கள். முறுக்கிய மீசை, கிரீடம், கையில் ஆயுதம். தொடை மட்டுமே ஆள் இடுப்பு உயரம் இருக்கும். அதற்குள் குங்குமம் கரைத்த தண்ணீரை மறைத்து வைத்திருப்பார்கள்.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை மாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை ஊருக்கு ஊர் இந்த பாரத விழா நடக்கும். நோட்டீஸில் அக்கினி வசந்த விழா என்று போடுவார்கள். பிற்பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை வைத்துப் பிரசங்கம். இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. முக்கியமான சில கட்டங்கள் மட்டும் கூத்துக் களரியை விட்டுப் பகலில் ஊருக்குள் இறங்கிவிடும்.

பகாசுரன் வதத்தன்று பீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். வாசலில் நிற்கும் பெண்கள் சோறும் பதார்த்தமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த நேரத்துக்கு எங்கள் தெருவே ஏகசக்கரபுரி.

அர்ச்சுனன் தபசுக்கு, சீவிய பனைமரத்தில் குறுக்குப் படிகள் அடித்து வெட்டவெளியில் நட்டிருப்பார்கள். அதுதான் கயிலாயம். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்குப் படி நின்று பாடிக்கொண்டே ஏறுவார். வெயிலில் அரிதாரம் வழியும். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி என்று கீழே வீசுவார். பிள்ளைவரம் வேண்டி ஈரப்புடவையோடு நிற்கும் பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். பாசுபதம் கேட்டு மேலே ஒருவர், பிள்ளை கேட்டுக் கீழே இத்தனை பேர். இதில் யார் நடிகர், யார் பார்வையாளர் என்று பிரிக்க என்னால் முடிந்ததில்லை.

படுகளத்தில் பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பின்மேலேயே ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் கதையால் தொடையில் அடித்ததும் குங்குமத் தண்ணீர் சிவக்கப் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதியின் விரிந்த கூந்தலை முடிவார்கள். துரியோதனனுக்காக ஒப்பாரி எழும். சாயங்காலம் தீமிதி. கூட்டம் கலையும்போது துரியோதனன் மண்ணில் ஒரு பிடி அள்ளி, விளைச்சலுக்கு நல்லது என்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

என் பெரியப்பா பல ஊர்களில் துரியோதனன் வேஷம் கட்டியவர். சபாவில் ஆடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "மேடையில செத்தா திரையைப் போட்டதும் எழுந்து போயிடலாம்பா. படுகளத்துல பொம்பளைங்க அழுது முடிக்கிற வரைக்கும் மூச்சு தெரியாம கெடக்கணும். அவங்க அழறது எனக்கில்ல, அவங்கவங்க வீட்டுச் சாவுக்கு" என்றார்.

இந்தக் கலையின் அருமையை வெளியாட்களும் உணர்ந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பகுதியில் தங்கிப் படித்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் பெரிய நூல் வெளியிட்டார். ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நவீன நாடகத்துக்கான தெம்பைத் தெருக்கூத்திலிருந்தே எடுத்தது. செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்தர்களைப் பட்டணத்து அரங்குகளும் அறியும். நகரத்தில் ஆட்டத்தையும் பாட்டையும் பார்க்கலாம், கேட்கலாம், அதில் குறையில்லை. ஆனால் தபசு மரத்தையும் மண் துரியோதனனையும் எந்த அரங்குக்குள் கொண்டுபோக முடியும்? அவற்றுக்குக் கோயில் எதிரே திறந்த வெளி வேண்டும், ஏரியில் மண் வேண்டும், அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போக அந்த ஊர்ச் சனம் வேண்டும்.

அந்த வெளிதான் இப்போது சுருங்குகிறது. பக்கத்து ஊர் ஒன்றில் மனைப்பிரிவுக் கல் நட்ட பிறகு, படுகளத்தைச் சிமெண்டுச் சாலையோரம் போட்டார்கள். துரியோதனனைப் பாதியாகக் குறுக்கிச் செய்ய வேண்டியிருந்தது. ஆட வந்தவர்களுக்கு அவன்மேல் ஓட இடமில்லை.

கலைஞர்களுக்கு விருது கொடுப்பதும் ஓய்வூதியம் கொடுப்பதும் அவசியம். ஆடுகிற நிலத்தைக் காப்பதும் அதே அளவு அவசியம். உங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் இருந்தால், எதிரே உள்ள வெளி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அதைப் படுகளத்துக்கென்றே ஒதுக்கிவைக்கச் சொல்லி அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மனை விற்ற பிறகு கேட்டுப் பயனில்லை.