குறைவாக ஓடிய போர்ஷே நல்ல போர்ஷேவா?

பழைய கார் பார்க்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை வைத்தே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. தினமும் அலுவலகம் போய்வந்த சாதாரணக் காருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அதை அப்படியே நம்புவது ஆபத்து. இருபது ஆண்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மீட்டர் வெறும் முப்பதாயிரம் காட்டினால், அதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். வாங்குபவரோ அந்த இடத்தில்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது, ஓடாத நாளில் எப்படிக் கிடந்தது, அதன் ஆயில் எப்போதெல்லாம் மாறியது என்பவையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இதற்கு ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1996 முதல் 2008 வரை விற்ற கார்களைவிடத் தெளிவான சான்று இல்லை.

போர்ஷேவின் புகழ்பெற்ற 911 மாடல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காற்றால் குளிரூட்டப்பட்ட எஞ்சினோடு வந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நிறுவனம் தண்ணீரால் குளிரூட்டும் புதிய எஞ்சினுக்கு மாறியது. முதலில் அது பாக்ஸ்டரிலும், பிறகு 996 என்று அழைக்கப்பட்ட புதிய 911-இலும் வந்தது. எம்96 என்பது அந்த எஞ்சினின் குறியீடு. அதற்குள் கிராங்க் ஷாஃப்டுக்கு அடியில் இன்னொரு தண்டு சுழல்கிறது. கிராங்கிலிருந்து ஒரு செயின் அதைச் சுழற்ற, அதிலிருந்து வேறு செயின்கள் கேம் ஷாஃப்டுகளுக்குப் போகின்றன. இந்த இடைத்தண்டின் ஒரு முனையை, ஃப்ளைவீல் பக்கத்தில், ஒரு பால் பேரிங் தாங்குகிறது. வழக்கமாக எஞ்சினின் உட்புறத் தண்டுகளை அழுத்தத்தோடு வரும் ஆயில் நனைத்துக்கொண்டே இருக்கும். இங்கே வைத்ததோ கிரீஸ் அடைத்து இருபுறமும் மூடிய பேரிங். வெளியிலிருந்து ஆயில் உள்ளே போகாது, உள்ளே இருக்கும் கிரீஸ் காலத்துக்கும் போதும் என்பது கணக்கு. நடந்தது வேறு. ஆண்டுகள் போகப் போக, சூடான ஆயில் மூடியின் ஓரமாகக் கசிந்து உள்ளே நுழைந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. உள்ளே வந்த ஆயில் திரும்ப வெளியேற வழியில்லாமல் தேங்கிப் பழசாகிறது. பிறகு எஃகு குண்டுகள் அந்த அழுக்கு ஆயிலில்தான் உருள வேண்டும்.

அந்த பேரிங் நொறுங்கினால் தண்டு தன் இடத்திலிருந்து விலகும், செயின் பல் தாவும், வால்வுகள் திறக்க வேண்டிய நேரம் பிசகும். அந்த நொடியில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்கின்றன. உடைந்த உலோகத் துகள்களை ஆயில் எஞ்சின் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பல வண்டிகளில் முன்னறிவிப்பாக ஒரு சத்தம்கூட வருவதில்லை. அதன் பிறகு மாற்று எஞ்சின் போடும் செலவு, பழைய பாக்ஸ்டர் ஒன்றின் மொத்த விலையையே தாண்டிவிடக்கூடும்.

எல்லா ஆண்டு வண்டிகளுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. தொடக்க கால எஞ்சின்களில் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. அது ஓரளவு தாக்குப்பிடித்தது. 2000-ஐ ஒட்டி அது ஒற்றை வரிசைச் சிறிய பேரிங்காக மாற்றப்பட்டது. அதிகம் பழுதானது இதுதான். அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அதில் அடங்கியவை 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய பேரிங் உறுதியானது. ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் இடைத்தண்டே கிடையாது. அதே காலத்து டர்போ, ஜிடி3 மாடல்கள் வேறு பரம்பரையைச் சேர்ந்த எஞ்சினோடு வந்தவை; இந்தச் சிக்கல் அவற்றைத் தொடவில்லை. ஆகவே விளம்பரத்தில் ‘911’ என்று மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு, துணிவதும் தவறு. எஞ்சின் எண்ணைப் பார்க்க வேண்டும். இடையில் எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், வண்டியின் ஆண்டை வைத்து உள்ளே இருக்கும் பேரிங் எது என்று சொல்ல முடியாது.

இனி மீட்டர் கணக்குக்கு வருவோம். இந்த எஞ்சின்களைத் திறந்து பழகிய மெக்கானிக்குகள் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒன்று உண்டு: நன்றாக ஓட்டப்பட்ட வண்டியைவிட அதிகம் நின்ற வண்டியில்தான் பேரிங் மோசமாக இருக்கிறது. காரணம் விளங்காத ஒன்றல்ல. சிறு தூரம் ஓடி நிறுத்தப்படும் எஞ்சினில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் அதில் கலந்து தங்குகின்றன. நாளடைவில் அமிலம் சேருகிறது. வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்போது பேரிங்கும் அந்த ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது, மூன்றாவது கார். ஜெர்மனியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனிக்காலம் முழுக்க மூடியே வைத்திருப்பவர்கள் உண்டு. ‘ஓடவே இல்லையே, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும்’ என்று இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிடுவதும் இப்படிப்பட்ட வண்டியில்தான் நடக்கிறது. வாரந்தோறும் நெடுஞ்சாலையில் ஓடி, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாறிய ஒரு லட்சம் கிலோமீட்டர் வண்டியை நான் இதற்கு முன்னால் வைப்பேன்.

அப்படியானால் வாங்குபவர் கேட்க வேண்டியது ரசீதுகளை. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. ஆயில் மாற்றிய தேதிகளுக்கு இடையே எத்தனை மாதம் என்று எண்ண வேண்டும். அடுத்து, அந்த எஞ்சினை அறிந்த, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்தால், எஃகுப் பொடியும் பேரிங் மூடியின் கறுப்புத் துணுக்குகளும் இருந்தால் தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைப் பார்க்கலாம். இந்த எஞ்சினிலும் இதன் அடுத்த தலைமுறையான எம்97-இலும், குறிப்பாக 3.8 லிட்டரில், சுவர் கீறிப்போவது தனிப் பிரச்சினை. ஆயில் அதிகம் குடிப்பதும் ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரி படிந்திருப்பதும் அதற்கான அடையாளங்கள். எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியில் கம்ப்யூட்டரை இணைத்தால், தவறான கியருக்கு மாற்றி எஞ்சினை வரம்புக்கு மீறிச் சுழற்றிய தடயம் கிடைக்கும். எஞ்சின் மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதும் பெரும்பாலும் அதில் பதிவாகியிருக்கும். மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டரும் கணினி 2,000 மணிநேரமும் காட்டினால், அந்த வண்டி சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடியிருக்க வேண்டும். ஒன்று நெரிசலிலேயே நின்று நின்று தேய்ந்த வண்டி, இல்லாவிட்டால் மீட்டரைத் திருத்திய வண்டி.

இவ்வளவு பார்த்தாலும் பேரிங்கின் மிச்ச ஆயுளை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கெட்டுப்போகத் தொடங்கியிருந்தால் மட்டுமே அது தெரியும். ஆகவே ஒற்றை வரிசை பேரிங் உள்ள வண்டியை வாங்குபவர், அதை மாற்றும் செலவையும் வண்டி விலையில் சேர்த்தே பேரம் பேச வேண்டும். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த இடத்தை அடைய முடியும். கிளட்ச் மாற்றவும் அதே வேலைதான். கிளட்ச் தேய்ந்த வண்டி என்றால் ஒரே கூலியில் இரண்டும் முடிந்துவிடும். பலர் குறை என்று ஒதுக்கும் அந்த வண்டி, விலை சரியாக இருந்தால், நல்ல தேர்வு.

நூறு வண்டிகளில் மிகப் பெரும்பான்மை உடையாமல்தானே ஓடுகின்றன, எதற்கு இத்தனை பயம் என்று கேட்கலாம். உண்மைதான், பழுதானவை சிறுபான்மையே. ஆனால் வாய்ப்பு சிறியது என்பதோடு கணக்கு முடியவில்லை. இழப்பு வண்டியின் முழு விலை என்னும்போது, அதில் சிறு பங்கைச் செலவழித்து அதைத் தவிர்ப்பது நியாயமான காப்பீடு. இருபது ஆண்டு தாங்கிய பேரிங் இனியும் தாங்கும் என்பது இன்னொரு வாதம். அதில் ஓரளவு பலம் இருக்கிறது. மட்டமான பேரிங்குகள் முன்பே உடைந்து வெளியேறியிருக்கும். ஆயினும் மூடியின் ரப்பர் வயதாக ஆக இறுகுகிறது, கிரீஸ் கரைகிறது. தாங்கியது பழைய உரிமையாளரின் கையில். புதியவர் ஓட்டும் விதம் வேறாக இருக்கலாம். டீலர் தரும் வாரண்டி போதாதா என்றால், அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். தேய்மானமும் விற்பனைக்கு முன்பே இருந்த குறையும் பல வாரண்டிகளில் சேர்வதில்லை. பேரிங் விஷயத்தில் இந்த இரண்டையும்தான் முதலில் சொல்வார்கள்.

போர்ஷேவை விட்டு வேறு கம்பெனிக்குப் போனாலும் கவலை தீராது. 2007 முதல் 2013 வரை விற்ற பிஎம்டபிள்யூ எம்3-இன் வி8 எஞ்சினில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் சீக்கிரம் தேய்கின்றன. அங்கே பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயமும் செம்பும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது ஓரளவு பயன் தரும். மஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் சுழல் எஞ்சினில் ரோட்டரின் முனைச் சீல்கள் தேய்கின்றன. சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் அதற்கு உதவாது; ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் தனித்தனி அளவு தரும் கருவி வேண்டும். அது கிடைக்காவிட்டாலும், நன்றாகச் சூடான எஞ்சினை அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம். அப்போது திணறுகிற வண்டியை வாங்கக் கூடாது.

‘பேரிங் மாற்றியாயிற்று’ என்று விற்பவர் சொன்னாலும் ரசீதைக் கேட்க வேண்டும். எந்தத் தயாரிப்பு, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மாற்றுப் பேரிங்குகளிலும் பால் பேரிங் வகைகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு; 2012-இல் மாற்றியிருந்தால் இன்று அது மறுபடியும் பழைய பேரிங்தான், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.